சிக்கனம் வேறு, கஞ்சம் வேறு!

கணக்குப் பார்த்துச் செலவு செய்யும் பெண்களை 'கஞ்சப்பிசினாறி' என்று வாய் கூசாமல் சொல்கிறவர்களுக்கு இது. கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கம் என்கிறோமே, அந்தச் சிக்கனத்துக்கு ஆங்கிலத்தில் 'த்ரிஃப்ட்' என்று பெயர். அந்தக் காலத்து நார்வே, ஐஸ்லாந்துக்காரர்கள் பேசிய மொழியிலிருந்து இங்கிலாந்துக்குப் போன சொல். தழைத்து வளர்வதைக் குறிக்கும் 'த்ரைவ்' இதன் உடன்பிறப்பு. ஆதியில் த்ரிஃப்ட் என்றாலே செழிப்புதானாம்! பார்த்துச் செலவழிப்பது என்கிற அர்த்தம் பிறகுதான் வந்து ஒட்டிக்கொண்டது. கஞ்சனுக்கு அவர்களிடம் 'மைசர்' என்று தனி வார்த்தையே உண்டு. லத்தீனில் அதற்குப் 'பரிதாபத்துக்குரியவன்' என்று பொருள்.

அஞ்சறைப் பெட்டியில் நான் சேர்த்த காசில்தான் போன ஜூனில் மகளுக்கு பிளஸ் ஒன் ஃபீஸ் கட்டினோம். நாத்தனார் மட்டும் இன்னும் என்னைக் கஞ்சம் என்கிறாங்க. இந்தப் பக்கத்தை அவங்களிடம் காட்டப் போகிறேன்!

- ஒரு வாசகி, கும்பகோணம்