பில்லில் வயர் ஏன் வந்தது?

பேஸ்மேக்கரை ஒருமுறை வைத்தால் ஆயுளுக்கும் போதும் என்று நினைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். போதாது. தோலுக்கடியில் இருக்கும் அந்தச் சிறு பெட்டியின் பற்றரி பொதுவாக 7 முதல் 12 வருடத்துக்குள் தீர்ந்துவிடும். பற்றரியை மட்டும் கழற்ற முடியாது, பெட்டியையே மாற்ற வேண்டும். ஆனால் இதயத்துக்குள் போகும் வயர்கள் நன்றாக இருந்தால் அவற்றை அப்படியே விட்டு, புதுப் பெட்டியை அதிலேயே பூட்டுவார்கள்.

தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் கவனிக்க வேண்டியது இதைத்தான். அமெரிக்காவில் பில்லில் இந்த இரண்டு வேலைக்கும் தனித்தனி இலக்கமே உண்டு: இரண்டு வயரோடு புதிதாக வைத்தால் 33208, வயரைத் தொடாமல் பெட்டியை மட்டும் மாற்றினால் 33228. பழையதைக் கழற்றும் கூலியும் இரண்டாவதற்குள் அடக்கம். இலங்கையில் நம்மூர் பில்லில் இலக்கம் தேடிப் பயனில்லை, சொற்களைப் பாருங்கள். வயர் என்று ஒரு வரி இருந்தால் எதற்கு என்று கேளுங்கள். வயர் பழுதாகி மாற்றியிருந்தால் அது நியாயமான செலவு, ஆனால் டாக்டரின் குறிப்பிலும் அது இருக்க வேண்டும். பெட்டியின் கம்பனி, மொடல், தொடர் இலக்கம் மூன்றும் கையில் தரும் கார்டோடு ஒத்துப்போக வேண்டும்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம் என்பதையும் மறக்க வேண்டாம். பூனாகலையிலிருந்து பண்டாரவளை, அங்கிருந்து பதுளை என்று பஸ் மாறிப் போனால் தோட்டத்தில் ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போய்விடும், உண்மைதான். ஆனாலும் கிளினிக்கைத் தவறவிடாதீர்கள். பற்றரி இறங்குவதைக் கருவி சுமார் மூன்று மாதம் முன்பே காட்டிவிடும். அந்த அவகாசத்தில் வரிசையில் காத்திருக்கலாம். மயங்கி விழுந்தபின் விலை விசாரிக்க எவருக்கு நேரம்? மாற்றிய இடம் சிவந்தாலோ சீழ் வைத்தாலோ மருந்து கட்டிக்கொண்டு வீட்டிலிருக்க வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

காசு தேவைப்பட்டால் கடன்காரரிடம் போகுமுன் ஊழியர் சேமலாப நிதி (ஈபிஎப்) இருக்கிறது. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, 10 வருடம் பணம் கட்டி, கணக்கில் குறைந்தது மூன்று இலட்சம் ரூபா உள்ளவர் வைத்தியச் செலவுக்கு அதில் 30 வீதம் வரை எடுக்கலாம். வைத்திய உதவி தரும் ஜனாதிபதி நிதியத்துக்கு 2025 முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். சிகிச்சைக்கு முன்பே போய் விசாரியுங்கள்.

பில் பிழையென்று பட்டால் வரிவரியாகப் பிரித்த பில்லை எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தும் சபைக்கு முறையிடலாம். கடிதம் தமிழிலேயே போகட்டும். கார்ட், பில், கிளினிக் கொப்பி மூன்றின் பிரதியையும் இணையுங்கள். மூலப் பிரதிகளை எவரிடமும் கொடுக்க வேண்டாம்.