ஜெல்லி மீன் கொட்டினால்

நேயர்களே, 2007 நவம்பரில் வட அயர்லாந்தின் கிளெனார்ம் விரிகுடாவில் இருந்த சால்மன் மீன் பண்ணையை ஊதா நிற ஜெல்லி மீன்கள் பெருங்கூட்டமாகச் சூழ்ந்துகொண்டன. கூண்டை விட்டுத் தப்ப வழியில்லாமல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சால்மன்கள் மடிந்தன.

நம் மீனவர்கள் சொறி என்று அழைக்கும் ஜெல்லி மீனின் இழைகளில் கொட்டும் செல்கள் ஏராளம். ஒவ்வொன்றிலும் சுருண்டு கிடக்கிறது ஒரு நுண்குழல். ஏதேனும் உயிரினம் உரசினால் போதும், கண்ணிமைக்கும் நேரத்துக்குள் அது பாய்ந்து நஞ்சைச் செலுத்திவிடும். சிறு மீன்கள் செயலிழந்து இரையாகிவிடும். பெரிய மீன்களுக்கோ செவுள் புண்ணாகி மூச்சுத் திணறும். கரையொதுங்கி இறந்த ஜெல்லி மீனும் கொட்டும் என்பதால் அதைத் தொடவே கூடாது.

இந்த நஞ்சுக்கு அஞ்சாத உயிரினமும் உண்டு. தோல்முதுகு ஆமைக்கு ஜெல்லி மீன்தான் முக்கிய உணவு. அதன் தொண்டை முழுவதும் உள்நோக்கி வளைந்த முட்கள் இருப்பதால், வழுக்கும் இரை வெளியேற முடியாது. ஆனால் மிதக்கும் பிளாஸ்டிக் பைகளையும் ஜெல்லி மீன் என்று நம்பி விழுங்கி இந்த ஆமைகள் உயிரிழக்கின்றன. கடற்கரைக்குச் செல்லும்போது ஒரு பையைக்கூட அங்கே விட்டுவிட்டு வராதீர்கள், நேயர்களே.