மாட் வாங்குறதுக்கு முன்னாடி விசாவைப் பாருங்க

மாமல்லபுரத்தில் என் பெரியம்மா வீட்டு மாடியில் மூணு ரூம் இருக்கிறது. டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரைக்கும் அதில் தங்குவது பெரும்பாலும் யோகா கற்றுக்கொள்ள வரும் வெளிநாட்டுக்காரர்கள்தான். அந்த மூணு மாச வாடகையில்தான் பெரியம்மாவுக்கு வருஷம் ஓடணும். அவருக்கு இங்கிலீஷ் நன்றாகப் பேச வரும், எழுத வராது. அதனால் செகண்ட் இயரிலிருந்து கெஸ்ட் மெயிலுக்குப் பதில் போடுவது என் வேலை. சம்பளம், ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரம் மீன் குழம்பு.

போன வருஷம் ஒரு பிரெஞ்சு தம்பதி வந்தார்கள். அவ்வளவு தயாரான ஆட்களை நான் பார்த்ததே இல்லை. ஆளுக்கொரு மாட், அதற்குத் தனிப் பை, மூணு வகைக் கொசு மருந்து, தண்ணீர் ஃபில்டர், தலையில் மாட்டும் டார்ச். மூணு வார கோர்ஸ் முடியப்போகும்போது யோகா மையத்தில் "இன்னும் ரெண்டு வாரம் இருந்தால் பிராணாயாமமும் முடித்துவிடலாம்" என்று சொல்ல, இவர்களும் சந்தோஷமாகப் பணம் கட்டிவிட்டார்கள். நான் ரூம் தேதியை மாற்றுவதற்காக அவர்கள் விசா காப்பியை எடுத்துப் பார்த்தேன். 30 நாள் விசா. அன்றைக்கு 22-ஆவது நாள். அந்த வகை விசாவை நீட்டிக்க முடியாது. கட்டின பணம் மையத்திலிருந்து திரும்பவில்லை. ஃபிளைட் டிக்கெட்டை மாற்றியதில் வேறு நஷ்டம். பெரியம்மா ரூம் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சீசன் நடுவில் அந்த ரூம் காலியாகக் கிடந்தது.

அதற்கப்புறம்தான் இந்தக் கட்டுரையில் இருக்கும் விஷயங்களை எல்லாம் ஒரு மெயிலாக எழுதி, புக் பண்ணுகிறவர்களுக்கு முதலிலேயே அனுப்ப ஆரம்பித்தேன். உங்களுக்கும் இது தேவைப்படலாம். டொராண்டோவில் பிறந்த கஸினோ, இன்டர்ன்ஷிப்பில் பழக்கமான வெளிநாட்டு நண்பரோ "யோகா ரிட்ரீட்டுக்கு வர்றேன், என்ன எடுத்துட்டு வரணும்?" என்று கேட்டால், பதிலை லக்கேஜில் இருந்து ஆரம்பிக்காதீர்கள்.

முதலில் விசா. குறுகிய கால யோகா வகுப்புக்கு வருகிறவர்களுக்கு இ-டூரிஸ்ட் விசாவே போதும். அதில் அனுமதிக்கப்பட்ட காரணங்களில் யோகாவும் பெயர் சொல்லியே இருக்கிறது. 30 நாள், ஒரு வருஷம், ஐந்து வருஷம் என்று மூன்று வகை. குழப்பமே 30 நாள் விசாவில்தான். அதில் காலாவதி என்று ஒரு தேதி போட்டிருக்கும். அது இந்தியாவுக்குள் நுழைவதற்கான கடைசித் தேதி. 30 நாள் கணக்கு வந்து இறங்கிய நாளில் இருந்து ஓடும். ஒரு வருஷ விசாவில் அப்படி இல்லை, அனுமதி கிடைத்த நாளிலிருந்தே கணக்கு. மூணு வாரத்துக்கு மேல் தங்கும் எண்ணம் லேசாக இருந்தாலும் ஒரு வருஷ விசாவே எடுங்கள் என்றுதான் நான் எழுதுகிறேன். யோகா மையங்களில் "இன்னும் கொஞ்ச நாள் இருங்களேன்" என்று கேட்காத மையத்தை நான் இதுவரை பார்க்கவில்லை.

இன்னொரு சிக்கல் டீச்சர் ட்ரெயினிங். 200 மணி நேர கோர்ஸ், முடிவில் சர்டிஃபிகேட் என்று நிறைய விளம்பரம் வருகிறது. டூரிஸ்ட் விசாவில் அனுமதிக்கப்படும் குறுகிய காலப் படிப்புகள் தகுதிச் சான்றிதழோ டிப்ளமோவோ தராதவையாக இருக்கணும். சர்டிஃபிகேட்டுக்காகவே வருகிறவர்கள் எந்த விசா என்பதை இந்தியத் தூதரகத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. மையம் சொல்வதை மட்டும் நம்பிக் கிளம்பக்கூடாது. ஆயுர்வேதம், சித்தா மாதிரி சிகிச்சைக்காக வருகிறவர்களுக்கு 2023-ல் ஆயுஷ் விசா என்று தனி வகையே வந்துவிட்டது.

பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாதம் மிச்சம், இரண்டு பக்கம் காலி. விண்ணப்பம் அரசு இணையதளத்தில் மட்டும். பார்க்க அச்சு அசலாக அதே மாதிரி இருக்கும் தனியார் தளங்கள் கூடுதல் கட்டணம் வாங்குகின்றன. முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடிகிறதா என்று பார்த்தாலே போதும். 2025 அக்டோபரிலிருந்து இ-அரைவல் கார்டும் சேர்ந்திருக்கிறது. வருவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் நிரப்பணும். அதில் தங்கும் முகவரி கேட்பார்கள் என்பதால், பின்கோடோடு முழு முகவரியை நாமே அனுப்பிவிடுவது நல்லது.

இதில் நம் பக்கத்து வேலையும் ஒன்று உண்டு. நிறைய பேருக்குத் தெரியாது. வெளிநாட்டுக்காரர் ஒருவர் வந்து தங்கினால், தங்க வைத்தவர் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் தகவல் பதிய வேண்டும். சட்டத்தில் பெயர்கள் மாறினாலும் இங்கே எல்லோருக்கும் அது 'சி ஃபார்ம்'தான். பாஸ்போர்ட் விவரம், விசா விவரம், போட்டோ, எங்கிருந்து வந்தார், அடுத்து எங்கே போகிறார் எல்லாம் அதில் இருக்கும். ஸ்டார் ஹோட்டலுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். வாடகை வாங்காமல் நண்பரை வீட்டில் தங்க வைத்தாலும் பொருந்தும். பதியாவிட்டால் மாட்டுவது தங்க வைத்தவர். அதனால் கெஸ்ட் நள்ளிரவில் வந்தாலும் பெரியம்மா பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்த பிறகுதான் தூங்கப் போவார். சிலர் "என்ன இது, சந்தேகப்படுறாங்களா?" என்று முகம் சுளிப்பார்கள். முன்கூட்டியே மெயிலில் சொல்லிவிட்டால் அந்தச் சுளிப்பு இல்லை.

அடுத்தது மாசம். வெளிநாட்டில் கிறிஸ்துமஸ் லீவைச் சேர்த்துக் கணக்குப் போட்டு டிசம்பர் முதல் வாரமே வந்து இறங்குகிறவர்கள் உண்டு. நம் கரைக்கு மழை வடகிழக்குப் பருவத்தில்தான். வருஷ மழையில் பாதிக்கு மேல் அக்டோபர், நவம்பர், டிசம்பரில் கொட்டிவிடும். 2022 டிசம்பர் 9 நள்ளிரவை ஒட்டி மாண்டஸ் புயல் கரையைக் கடந்தது சாட்சாத் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில்தான். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரிக்கு அருகில். மொட்டை மாடியில் சூரிய நமஸ்காரம் என்று பிரவுச்சரில் போட்டிருந்தால், மழை நாளில் எங்கே வகுப்பு, கரன்ட் போனால் என்ன ஏற்பாடு, புயலால் ரத்தானால் பணம் திரும்புமா என்ற மூன்றையும் கேட்கணும். வானிலையால் ரத்தாவதும் மருத்துவச் செலவும் சேர்ந்த இன்சூரன்ஸா என்பதையும் பார்க்கணும். ஜனவரி நடுவிலிருந்து மார்ச் தொடக்கம் வரை நல்ல காலம். மே மாசம் அக்னி நட்சத்திரத்தில் யாராவது "ஹாட் யோகா" என்று கேட்டால், ஃபேனை நிறுத்தினால் போதும், தனிக் கட்டணம் வேண்டாம்.

உடம்பு விஷயத்துக்கு வருவோம். காலை 6 மணி வகுப்பு என்றால் பாரிஸ் கடிகாரத்தில் அது குளிர்காலத்தில் நள்ளிரவு 1.30. வந்து இறங்கிய மறுநாளே வகுப்பில் உட்கார்ந்து, தலை கீழாக நின்று, மயங்கி விழுந்தவரை எனக்குத் தெரியும். இரண்டு நாள் முன்னாடியே வந்துவிடுங்கள் என்பதுதான் நான் தடித்த எழுத்தில் போடும் வரி. முதுகு வலி, ரத்த அழுத்தம், கர்ப்பம், சமீபத்திய ஆபரேஷன் எதுவாக இருந்தாலும் வந்த பிறகு சொல்லாமல் புக் பண்ணும்போதே டீச்சருக்குச் சொல்லணும். சென்னையில் 1976-ல் தேசிகாச்சார் தொடங்கிய கிருஷ்ணமாச்சார்யா யோக மந்திரத்தின் பெயரைக் கேட்டுத்தான் இந்தப் பக்கம் வருகிற கெஸ்ட்கள் பலர். ஆளுக்குத் தகுந்த மாதிரி பயிற்சி மாறணும் என்பதே அந்த மரபின் அடிப்படை. ஆளைப் பற்றித் தெரியாமல் டீச்சர் எதை மாற்றுவார்?

மாத்திரைகளை ஒரிஜினல் அட்டையோடும் சீட்டோடும் கொண்டு வரட்டும். சீட்டில் பிராண்ட் பெயர் மட்டும் இல்லாமல் மருந்தின் பெயரும் வேண்டும். அமெரிக்காவில் அசெட்டமினோஃபென் என்று கேட்டு வாங்குவது இங்கே பாராசிட்டமால். மெடிக்கலில் நின்று இதை நான் ஒருமுறை இருபது நிமிஷம் விளக்கியிருக்கிறேன். ஆப்பிரிக்கா, தென் அமெரிக்காவில் மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகள் வழியாக வருகிறவர்களுக்குத் தடுப்பூசி அட்டை கட்டாயம். ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் அது செல்லும் என்பதால் முந்தின நாள் போட்டுக்கொண்டு பிரயோஜனம் இல்லை. கடற்கரையில் தெரு நாய்கள் நிறைய. கடித்தாலோ பிராண்டினாலோ உடனே சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போகணும், ஊசி அங்கே இலவசம். பெரிய சிகிச்சை என்றால் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. சின்னக் கீறல்தானே என்று விடக்கூடிய விஷயம் இல்லை இது. ரேபிஸ் அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்றுவது கிட்டத்தட்ட முடியாது. வியர்வையில் உப்பு போய்த் தலை சுற்றினால் ஓஆர்எஸ். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டரில்தான் கலக்கணும், ஒரு டம்ளரில் கலந்து குடித்தால் உப்பு அளவு மீறி எதிர்விளைவுதான்.

இப்போது என் டிபார்ட்மென்ட் விஷயம். கனடாவிலிருந்து வந்த ஒரு அக்கா அடாப்டர் போட்டு ஹேர் ட்ரையரைச் சொருகினார். படார். மாடி முழுக்க இருட்டு. மறுநாள் எனக்கு பவர் சிஸ்டம்ஸ் எக்ஸாம். அடாப்டர் பின்னின் வடிவத்தை மட்டும்தான் மாற்றும், வோல்டேஜை மாற்றாது. அங்கே 120 வோல்ட், இங்கே 230. 120 வோல்ட்டுக்கு 1200 வாட் ட்ரையர் என்று வைத்துக்கொண்டால் அதன் மின்தடை 12 ஓம். அதே 12 ஓமுக்கு 230 வோல்ட் கொடுத்தால் 19 ஆம்பியர், சுமார் 4400 வாட். வாங்கினதைப் போல மூன்றரை மடங்குக்கும் மேல். எம்சிபி ட்ரிப் ஆனது அந்த வீட்டின் அதிர்ஷ்டம். போன், லேப்டாப் சார்ஜரில் 100-240 வி என்று போட்டிருக்கும், அது பிரச்சினை இல்லை. சூடு பண்ணுகிற, மோட்டார் சுற்றுகிற பொருளை எல்லாம் லேபிள் பார்க்காமல் எடுத்து வர வேண்டாம். ஐரோப்பாக்காரர்களுக்கு அங்கேயும் 230 என்பதால் கவலை இல்லை, அவர்களுடைய இரண்டு உருண்டைப் பின் நம் சாக்கெட்டில் லொடலொடவென்று நுழைந்தும் விடும்.

யோகா மாட் இங்கேயே கிடைக்கும். பிளாஸ்டிக் மாட் நம் ஊர்ப் புழுக்கத்தில் வழுக்குகிறது. பெரியம்மா மேலே ஒரு பருத்தி ஜமுக்காளத்தை விரித்துக் கொடுத்துவிடுவார், யாரும் இதுவரை குறை சொன்னதில்லை. துணி தளர்வான காட்டன், தோளும் முட்டியும் மூடுகிற ஒரு செட் கோயிலுக்கு. திருக்கழுக்குன்றம் மலைக்கோயிலுக்கு 500-க்கு மேல் படி, செருப்பு கிடையாது. பத்து மணிக்கு மேல் ஏறினால் கால் கொப்பளிக்கும்.

சென்னை ஏர்போர்ட்டிலிருந்து மாமல்லபுரம் 50 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். நள்ளிரவு ஃபிளைட் என்றால் கார்தான், வேறு வழி யோசிக்க வேண்டாம். பகலில் இறங்குகிற, ஒரே பை வைத்திருக்கிற ஆளுக்கு நான் சொல்வது வேறு: ஏர்போர்ட்டுக்கு எதிரில் திரிசூலம் ஸ்டேஷன், அங்கிருந்து செங்கல்பட்டுக்கு லோக்கல் ட்ரெயின், செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக பஸ். ரோட்டில் சுமார் 30 கிலோமீட்டர். கார் வாடகையில் சின்னப் பங்குகூட ஆகாது. ஏரி, வயல், மலை எல்லாம் பார்த்துக்கொண்டே வரலாம். கையில் சில்லறை ரூபாய் அவசியம். வெளிநாட்டுப் பயணிகளுக்கென்று 'யுபிஐ ஒன் வேர்ல்டு' என்ற ப்ரீபெய்டு வாலட் இருக்கிறது, கிடைத்தால் எடுத்துக்கொள்ளட்டும். இளநீர்க்காரரிடம் வெளிநாட்டு கார்டை நீட்ட முடியாது. கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் டிக்கெட் நமக்கு 40, அவர்களுக்கு 600 ரூபாய். ஒரே டிக்கெட்டில் அன்றைக்கு எல்லாம் பார்க்கலாம் என்பதால் சாயங்காலம் வாங்கி வீணாக்க வேண்டாம்.

கடைசியாகக் கடல். இது நமக்கும் சேர்த்துத்தான், நம் ஏரியா காலேஜ் பசங்க இங்கே மூழ்கின செய்தி வராத வருஷம் இல்லை. வகுப்பு முடிந்து வியர்வையோடு நேராகத் தண்ணீரில் இறங்குவது கெஸ்ட்களின் வழக்கம். நீச்சல் குளத்தில் பழகினவர்களுக்கு இங்கே இருக்கும் இழுப்பு தெரியாது. அலை கொண்டு வந்து கொட்டும் தண்ணீர் ஒரு குறுகலான பாதையில் திரும்பக் கடலுக்குள் பாயும். அந்த இடத்தில் அலை உடையாது, நுரை இருக்காது, பார்க்க அமைதியாக இருக்கும், அதனால்தான் அங்கே இறங்கத் தோன்றும். இழுத்தால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடக்கூடாது, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்தப் பாதையை விட்டு வெளியே வந்த பிறகுதான் கரைக்குத் திரும்பணும். குளிக்கத்தான் வேண்டும் என்றால் கோவளம் போகச் சொல்வேன். 2021-ல் ப்ளூ ஃபிளாக் சான்றிதழ் வாங்கிய கடற்கரை, உயிர்காப்பாளர்கள் இருக்கிறார்கள். எங்கள் தெருப் பக்கம் என்றால் காலையில் வலை உதறிக்கொண்டிருக்கும் மீனவர் யாரையாவது "அண்ணா, இன்னிக்கு இறங்கலாமா?" என்று கேட்கச் சொல்லியிருக்கிறேன். இந்த ஒரு தமிழ் வாக்கியத்தை மட்டும் இங்கிலீஷ் எழுத்தில் டைப் பண்ணி மெயிலின் அடியில் சேர்த்துவிடுவேன். அவர் கையை ஆட்டி வேண்டாம் என்றால் அன்றைக்கு வேண்டாம்.