உங்களுக்குத் தெரியுமா? சில்லறையில் ஓர் ஊர் முத்திரை

மும்பை மாட்டுங்கா மார்க்கெட்டில் பூ வாங்கி மீதிச் சில்லறையை வாங்கும்போது, நாணயத்தில் ஆண்டுக்குக் கீழே பாருங்கள். குட்டிச் சாய்சதுரம் இருந்தால் அது மும்பை கோட்டைப் பகுதியிலுள்ள நாணயச்சாலையில் அடித்தது. ஐந்துமுனை நட்சத்திரம் என்றால் ஹைதராபாத். புள்ளி என்றால் நொய்டா. எந்தக் குறியும் இல்லாவிட்டால் கொல்கத்தா. 1985 ஒரு ரூபாய் நாணயங்கள் சிலவற்றில் ‘எச்’ எழுத்து இருக்கும். அவை இங்கிலாந்தின் பர்மிங்ஹாமிலிருந்து வந்தவை.

நாணயத்தை அடிக்கும் அச்சு விட்டுச்செல்லும் தடயம் இதைவிடச் சுவையானது. எஃகு அச்சு லட்சக்கணக்கான முறை அடித்தடித்துச் சோர்ந்து விரிசல் விடும். அந்த விரிசலுக்குள் உலோகம் புகுவதால், நாணயத்தின்மேல் மெல்லிய வரப்புபோல ஒரு கோடு எழும். கீறல் பள்ளமாக இருக்கும், அச்சு விரிசலோ மேடாக இருக்கும். பூதக்கண்ணாடியில் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் வித்தியாசம் தெளிவாகத் தெரியும். இடையில் நாணயத் தகடு இல்லாமலே இரு பக்க அச்சுகளும் மோதிக்கொண்டால், ஒரு பக்கத்து உருவத்தின் சாயல் மறுபக்கத்தில் மங்கலாகப் படியும். இது அரிது; கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

அப்படி ஒன்று கிடைத்தால் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். நுண்ணிய தடயங்கள் அழிந்துபோகும், சேகரிப்பாளர் தரும் மதிப்பும் குறையும்.