இரத்த அமுக்கமும் இடையில் நிற்கும் மருந்தும்

நம் நாட்டு அரசாங்க வைத்தியசாலைகளில் மருந்துக்குப் பணம் கேட்பதில்லை. கண்டி தேசிய வைத்தியசாலையிலோ பேராதனைப் போதனா வைத்தியசாலையிலோ கிளினிக் நாளிற் சென்று இரத்த அமுக்கத்துக்குரிய குளிசைகளை இலவசமாகவே பெறலாம். 2022ஆம் ஆண்டின் நெருக்கடியிற் சில மருந்துகள் கிடையாமற் போனதுண்டு. ஆயினும், கையில் மருந்திருக்கும் காலத்திலேயே பலர் அதனை நிறுத்திவிடுவது ஏன்?

முதற்காரணம், இந்நோய் ஓசையின்றி இருப்பது. நோவு இல்லை, ஆகவே சுகமாயிற்று என்று எண்ணிவிடுகிறோம். அமுக்கத்தை அடக்கி வைத்திருந்தது அக்குளிசையே என்பதை மறந்துவிடுகிறோம். நிறுத்தினால் அது மீண்டும் ஏறும். காலப்போக்கில் மூளை, இருதயம், சிறுநீரகம் ஆகியவற்றைத் தாக்கும்.

இரண்டாவது, கூலி. கலஹா, தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலை மலைகளில் நாட்சம்பளத்துக்கு உழைக்கும் தாயொருத்தி கிளினிக் வரிசையில் நின்றால் அன்றைய வருமானம் போயிற்று. பஸ் கட்டணம் வேறு. இலவச மருந்துக்கும் இவ்வாறு ஒரு விலை உண்டு.

மூன்றாவது, விளங்காமை. மருந்து உறையில் எழுதியது தாம் அறிந்த மொழியில் இல்லையெனின் முதியவர் என்ன செய்வார்? சில குளிசைகளால் வறட்டு இருமலோ கால் வீக்கமோ உண்டாகலாம். வைத்தியரிடம் சொன்னால் அவர் வேறு மருந்து தருவார். சொல்லாமல் நிறுத்துவதே ஆபத்து.

இது நமக்கு மட்டும் உரிய குறையன்று. செல்வ நாடுகளிலும் நெடுநாள் நோயாளரில் ஏறக்குறையப் பாதிப்பேரே மருந்தை ஒழுங்காக உட்கொள்கின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் 2003இல் அறிவித்தது.

நோயாளி, வைத்தியன், மருந்து, அருகிருந்து உதவுபவன் என மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார் வள்ளுவர். நம்மிடையே பெரிதும் குறைவது அந்த நான்காவது கூறே. இலங்கை, பங்களாதேஷ், பாகிஸ்தான் ஆகிய நாடுகளின் கிராமங்களில் நடைபெற்று 2020இல் வெளியான ஆராய்ச்சியொன்றும் இதற்குச் சான்றாகும். சுகாதார ஊழியர் வீடு தேடிச் சென்று அமுக்கத்தை அளந்து அறிவுரை கூறிய ஊர்களில், ஏனைய ஊர்களைவிட மேல் அமுக்கம் சராசரி 5 அலகு கூடுதலாகக் குறைந்தது.

அந்த ஊழியர் வராத வீட்டில் அப்பணியைப் பிள்ளைகள் ஏற்கலாம். மாணவர்களே, பாட்டனாரின் மருந்து உறையை வாசித்துக் காட்டுங்கள். காலையில் பல் துலக்கியதும் குளிசையை நினைவூட்டுங்கள். அடுத்த கிளினிக் நாளை நாட்காட்டியிற் குறித்து வையுங்கள். ஒரு வேளை தவறினால் மறுவேளை இரட்டிப்பாக விழுங்க விடாதீர்கள். படித்த பிள்ளை வீட்டுக்குச் செய்யும் கைம்மாறுகளில் இதுவும் ஒன்று.