இசைக்குழுவுக்கு ஒலிக்கருவி வாங்குமுன்

1990 ஆனியில் வலிகாமம் வடக்கை விட்டுப் புறப்பட்டபோது எம்மவர் எடுத்து வந்தவை நாலு உடுப்பும் காணி உறுதியும்தான். ஆர்மோனியமும் மத்தளமும் வீட்டோடு நின்றுவிட்டன. காங்கேசன்துறை வசந்த கான சபாவையும், நடிகமணி வி. வி. வைரமுத்துவின் மயான காண்டத்தையும் விடிய விடியப் பார்த்து வளர்ந்த ஊர்கள் அவை. அந்தப் பாட்டுகளை மெட்டுப் பிசகாமல் பாடக்கூடியவர்கள் இப்போது முதியவர்கள். ஆளுக்கொரு ஊரில் சிதறியும் இருக்கிறார்கள்.

ஆகவே, எந்த மிக்சர் வாங்கலாம் என்று இளைஞர் குழுவினர் எங்களிடம் கேட்டால், மேடைக்கா பதிவுக்கா என்று நாங்கள் திருப்பிக் கேட்கிறோம். மேடைக்கு மிக்சர் வேண்டும். முதியவர் ஒருவரின் பாட்டைப் பதிவதற்கு அநேகமாக வேண்டியதில்லை.

மிக்சர் என்பது தோட்டத்தில் தண்ணி மாறுபவர் செய்யும் வேலையைத்தான் செய்கிறது. ஒவ்வோர் ஒலிவாங்கியிலிருந்தும் வருவதை அளவாகத் திறந்து ஒரே வாய்க்காலில் விடுகிறது. கிணற்றில் ஊற்று இல்லாவிட்டால் மடையை எப்படித் திறந்தும் பயனில்லை. ஒலிவாங்கிதான் ஊற்று. ஒரு குழுவினர் வெங்காயம் விற்ற காசையெல்லாம் பெரிய மிக்சரில் போட்டுவிட்டு, மிஞ்சியதில் மலிந்த ஒலிவாங்கி வாங்கினார்கள். பாட்டை விட இரைச்சல்தான் கூடக் கேட்டது.

பெட்டியில் எழுதியுள்ள எண்ணையும் நம்பிவிடக் கூடாது. யமஹா எம்.ஜி. 10 என்ற மிக்சரில் ஒலிவாங்கி செருகும் இடம் நான்குதான். யூ.எஸ்.பி. உள்ள சிறிய மிக்சர்கள் பலவும் எல்லாவற்றையும் கலந்து இரண்டு தடங்களாகவே கணினிக்கு அனுப்பும். மத்தளம் கூடிப்போனால் பிறகு தனியே குறைக்க முடியாது.

எனவே முதற் காசு ஒலிவாங்கிக்கும், தாங்கிக்கும், நல்ல வயருக்கும் போகட்டும். ஷூர் எஸ்.எம். 58 போன்ற டைனமிக் வகைக்கு மின்சாரம் தேவையில்லை, அடிபட்டாலும் தாங்கும். ஆனால் அந்தப் பெயரில் போலிகள் நிறைய உண்டு. கண்டென்சர் வகை நுணுக்கமாகக் கேட்கும். அதற்கு மிக்சரோ பதிவுக் கருவியோ 48 வோல்ற் கொடுக்க வேண்டும். தகரக் கூரைக்குக் கீழே அது நாய் குரைப்பதையும் சேர்த்தே பதியும்.

இரண்டாவது, கையடக்கப் பதிவுக் கருவியும் ஒரு ஹெட்ஃபோனும். பற்றறியில் இயங்குவதாகப் பாருங்கள். மின்பிறப்பாக்கியின் உறுமல் பதிவுக்குள் வராது. மின்சாரமில்லாத தொண்ணூறுகளில் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டவர்களுக்கு இதன் அருமை தெரியும். கருவியையும் பாடுபவரின் வீட்டுக்கே கொண்டு போகலாம். எண்பது வயதுக்காரரை ஓட்டோவில் ஏற்றி அலைக்கழிக்கத் தேவையில்லை.

சீமெந்துச் சுவரும் தகரமும் ஒலியைத் திருப்பியடிக்கும். ஓலைக்கொட்டிலோ மரநிழலோ நல்லது. அறைதான் கிடைத்தால் சுவரில் பாயும் சாக்கும் தொங்கவிடுங்கள். ஒலிவாங்கியின் முகம் பாடுபவரைப் பார்க்க, மத்தளக்காரர் அதன் முதுகுப்பக்கம் தள்ளி இருக்கட்டும். எஸ்.எம். 58 போன்றவை பின்னால் வரும் ஒலியைக் குறைத்தே வாங்கும்.

அடுத்தது அளவு. பழைய கசெற் கொஞ்சம் மிஞ்சினாலும் பொறுத்துக்கொள்ளும். இன்றைய கருவிகள் பெரும்பாலும் பொறுக்கா. சிவப்பு விளக்கு எரிந்தால் அந்த இடம் கிழிந்ததுதான், பிறகு திருத்துவது கடினம். உச்சக் குரலைப் பாடச் சொல்லி, அது ஏறக்குறைய −12 டெசிபெலில் நிற்குமாறு வைத்துவிட்டுத் தொடங்குங்கள். இடம் மிச்சம் பிடிக்க எம்.பி.3 ஆகப் பதிய வேண்டாம். குறுந்தட்டுத் தரத்தில் வேவ் ஆகப் பதிந்தாலும், 32 ஜிகாபைற் அட்டையில் ஏறக்குறைய 50 மணித்தியாலம் பிடிக்கும்.

மிக்சரைக் கடைசியாக, மேடை நிகழ்ச்சிக் காசு வரத் தொடங்கிய பின் வாங்கலாம். பாவித்ததானால் உங்கள் ஒலிவாங்கியையும் கடைக்குக் கொண்டுபோய், ஒவ்வொரு துளையிலும் செருகிப் பேசி, ஒவ்வொரு திருகையும் திருப்பிப் பாருங்கள். கரகரத்தால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

1981 இல் யாழ். பொது நூலகம் எரிந்தபோது வேறெங்கும் படியில்லாத ஏடுகளும் எரிந்தன. ஆதலால் அன்றிரவே இரண்டு படி எடுத்து, ஒன்றைப் பாடியவரின் பிள்ளைகளிடமும் மற்றதை வேறு கிராமத்திலும் வையுங்கள். பாட்டுத் தொடங்குமுன் அவர் தன் பெயரையும், யாரிடம் பழகினார் என்பதையும், ஊரையும் சொல்லட்டும். இப்போது இருக்கும் முகவரியை அல்ல, பிறந்த ஊரை.