ஆசை எங்கே போச்சு?

ரெண்டு வருஷமா தொடாத ஒரு பைதான் நிரலைப் போன சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்குத் திறந்தேன். ஒரே ஒரு வரைபடம் சேர்க்கணும். அரை மணி நேர வேலை. லேப்டாப் புதுசு என்பதால் முதலில் நூலகங்களை நிறுவ வேண்டியிருந்தது. ஒரு பிழைச்செய்தி. தேடிப் பிடிச்சு அதைச் சரிசெய்தால் இன்னொன்று. பதினொன்றரைக்கு எல்லாம் சரியாச்சு. ஆனா வரைபடம் போடுற ஆசை போயிருந்தது.

காரணம் சாதாரணமானதுதான். 2024 ஜூனில் நம்பை 2.0 வந்தது. அதற்கு முந்தைய பதிப்புகளை வைத்துக் கம்பைல் செய்த பழைய நூலகங்கள் பல அதனுடன் இயங்காது. மற்ற நூலகங்களுக்கெல்லாம் பதிப்பு எண் குறித்திருந்த நான் நம்பைக்கு மட்டும் விட்டுட்டேன். பிப் புதியதை இறக்கிவிட்டது.

நேரம் போனது பெரிசில்லை. என் நிரலில் இருக்கிற பிழையோடு அதே நேரம் மல்லுக்கட்டியிருந்தால் தூக்கமே வந்திருக்காது. அங்கே ஒவ்வொரு தோல்வியும் நிரலைப் பற்றி ஏதாவது சொல்லிக் கொடுக்கும். நிறுவல் பிழையை ஜெயித்தாலும், ரெண்டு வருஷம் முன்னால் விட்ட இடத்துக்குத்தான் வந்து சேர்வோம்.

ஜோயல் ஸ்போல்ஸ்கி 2000-இல் எழுதிய 12 கேள்விகளில் இரண்டாவது, ஒரே படியில் பில்டு செய்ய முடியுமா என்பது. குழுக்களுக்கான கேள்வி என்று நினைத்திருந்தேன். ராத்திரியில் தனியா உட்கார்ற ஆளுக்குத்தான் அது இன்னும் அவசியம். பிடிச்சு உட்கார வைக்க அங்கே சம்பளமும் இல்லை, மேனேஜரும் இல்லை.

இப்போ எல்லாப் பதிப்பு எண்களையும் எழுதி, நிறுவலை ஒரே கட்டளையாக்கி, வெறும் ஃபோல்டரில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துட்டுதான் மூடிவைக்கிறேன். வரைபடம் இன்னும் போடலை.